ஒரு கோலும் விடாத கோல்கீப்பர்

அரையிறுதிக்கு முந்தின நாள் காலை, கல்லூரிக் கால்பந்து அணியைத் தாளாளர் குணசீலன் வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டார்.

"இந்த சீசன்ல ஒன்பது கோல் விட்டிருக்கீங்க! இதே காலேஜ்ல நான் கோல்கீப்பரா இருந்தப்ப சீசன் முழுக்க ஒரு கோல்கூட விட்டதில்ல. அப்படி ஒருத்தன் இங்க இருந்தா காட்டுங்க. இல்லன்னா இன்னையோட டீமைக் கலைச்சிடுவேன்."

கடைசியில் நின்ற வியானி ஓரடி முன்னே வந்தான்.

"நான் ஒரு கோலும் விடல சார்."

"நீயா? நீ ஆடி நான் பார்த்ததே இல்லையே!"

"ரிசர்வ் கோல்கீப்பர் சார். சீசன் முழுக்க பெஞ்சுலதான் இருந்தேன். உங்க காலத்து ஆண்டு மலரை லைப்ரரில பார்த்தேன். உங்க பேருக்கு நேராவும் ரிசர்வ்னுதான் போட்டிருக்கு."

தாளாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு மேட்ச் இருக்குல்ல? போய் ப்ராக்டிஸ் பண்ணுங்கடா!"