போர்டு விளக்கடியில் பூக்காத நெல்

விதை முதலாளி சதாசிவத்தின் சிரிப்பை நான் என்றைக்குமே நம்பியதில்லை. "என் புது ரகத்துக்கு இருட்டு, வெளிச்சம் எதுவும் பொருட்டில்லை" என்று விற்றார். அதைக் காட்ட அவர் போட்டிருந்த மாதிரி வயலெல்லாம் பூத்தது. அவர் படம் போட்ட பெரிய போர்டுக்குக் கீழே, விடிய விடிய விளக்கெரிந்த இடத்தில் மட்டும் பூக்கவில்லை.

வாங்க வந்த விவசாயிகள் முன்னால் காவல்காரி செல்லாயியைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க மட்டும் விதையை மாத்திட்டியா? பூக்க வை, இல்லாட்டி வேலையை விட்டுப் போ!"

"வெச்சிடறேங்க. ராத்திரியில அந்த விளக்கை அணைச்சா போதும்."

"விளக்குக்கும் பூவுக்கும் என்னடி சம்பந்தம்?"

"பழைய சம்பாவுக்கு உண்டுங்க. நீள இருட்டு இல்லாட்டி அது பூக்காது. உங்களதுதான் புது ரகமாச்சே, அணைச்சுப் பாத்துடலாமே?"

விவசாயிகள் சுவிட்சைத் தேடிப் போனார்கள். அதற்குள் சதாசிவம் ஓடிப்போய் அதை முதுகால் மறைத்து நின்றுகொண்டார். அப்புறம் யாரும் விதை கேட்கவில்லை.