உச்சந்தலையில் ஒரு சொட்டு

தோல் நோய்ப் பிரிவில் கடைசி நோயாளியும் போய்விட்டார். டாக்டர் ஷமீமா கை கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய மாணவர் தனக்கோடி மட்டும் கிளம்பவில்லை.

தனக்கோடிக்கு முப்பத்தாறு வயது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர். ஆசிரியை அவரைவிட இளையவர்.

“மேடம், ஒரு நோயாளிக்காகக் கேட்கிறேன். முடி சீக்கிரம் வளர எது நல்ல சிகிச்சை?”

“ஆணா, பெண்ணா?”

“ஆண். முப்பத்தாறு வயசு.”

“என்ன வேலை பார்க்கிறார்?”

“அரசு மருத்துவர்.”

“சரி. அவரை அந்த ஸ்டூல்ல உட்காரச் சொல்லுங்க.”

அறையில் வேறு யாரும் இல்லை. தனக்கோடி போய் உட்கார்ந்தார்.

ஷமீமா விளக்கை இழுத்து, சீப்பால் முடியை விலக்கிப் பார்த்தார். “உச்சியில மெலிஞ்சிருக்கு. பரம்பரை வழுக்கைதான், ஆரம்பம். ஆனா காதோரம் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?”

“லோஷன் போடுறேன் மேடம். ரெண்டு வேளைக்குப் பதிலா நாலு வேளை.”

“ஒரு நோயாளி இப்படிச் செஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“திட்டுவேன்.”

“திட்டுங்க, கேட்கிறேன்.”

தனக்கோடி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அளவைக் கூட்டினா சீக்கிரம் வளராது. முதல்ல கொஞ்சம் கூடுதலாவே கொட்டும், பயந்து நிறுத்தக் கூடாது. பலன் தெரிய மாசக்கணக்காகும். மாத்திரையும் இருக்கு, பக்கவிளைவைப் பேசிட்டுத்தான் ஆரம்பிக்கணும். முடி நடுற ஆபரேஷன் செஞ்சாலும் மருந்து தொடரணும்.”

“எது வரைக்கும்?”

“முடி வேணும்கிற வரைக்கும். நிறுத்தினா பழையபடி கொட்டிடும்.”

“எல்லாம் தெரியுது. அப்புறம் என்ன அவசரம்?”

“ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டிலிருந்து என்னைப் பார்க்க வர்றாங்க. தமயந்தினு பேரு. ஸ்கூல் டீச்சர். போன்ல பேசிட்டிருக்கோம். நான் அனுப்பினது எம்.பி.பி.எஸ். முடிச்சப்ப எடுத்த போட்டோ.”

“அடப்பாவி சார்!”

“ஆறு மாசம் தள்ளிப் போடச் சொல்லிடவா மேடம்? நேர்ல பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டா… எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு.”

ஷமீமா மேசையில் கிடந்த காலியான லோஷன் பாட்டிலின் டிராப்பரில் தண்ணீரை உறிஞ்சி எடுத்து அவரிடம் நீட்டினார்.

“உச்சியில ஒரு சொட்டு விடுங்க.”

தனக்கோடி சுவர்க் கண்ணாடியைப் பார்த்தபடி விட்டார். தண்ணீர் காதோரம் வழிந்தது. தலையைச் சாய்த்து மறுபடி விட்டார். சட்டைக் காலருக்குள் போயிற்று.

ஷமீமா டிராப்பரை வாங்கினார். முடியை விலக்கி ஒரு சொட்டு விட்டார். அது விழுந்த இடத்திலேயே நின்றது.

“அப்போ இவ்வளவு நாளும் மருந்து அங்கே போய்ச் சேரவே இல்லையா மேடம்?”

“அந்த இடம் உங்க கண்ணுல படாது சார். போட்டுவிட ஓர் ஆள் வேணும்.”

“ஹாஸ்டல்ல நான் யாரைக் கேட்கிறது?”

“ஹாஸ்டல் எத்தனை நாளைக்கு? அப்புறம் தினமும் போட்டுவிடப் போறது தமயந்திதானே? அவங்ககிட்டே இடத்தைக் காட்டாம எப்படி?”