கள்ளை மறக்க நினைத்த மரநாய்

பனங்காட்டில் சடையன் என்ற மரநாய் இருந்தது. பனையில் கட்டிய கள் கலயங்கள் எல்லாம் தனக்காகவே தொங்குகின்றன என்று அதற்கு நினைப்பு. தலையை உள்ளே விட்டால் வயிறு நிறையும்வரை எடுக்காது.

ஒருநாள் போதையில் தன் குட்டியைக் கவ்விக்கொண்டு மரம் தாவியது. பிடி நழுவியது. நல்ல வேளை, குட்டி சருகுக் குவியலில் விழுந்து பிழைத்தது.

"போதும்! இனிமே எங்களைத் தேடி வராதீங்க!" என்றது அதன் மனைவி மருதி. குட்டிகளோடு குளத்தின் அக்கரையில் ஒரு நாவல்மரப் பொந்துக்குப் போய்விட்டது.

சடையன் அழுதது. அழுதுவிட்டுப் போய்க் குடித்தது.

அதன் நண்பன் கூரன் ஒரு முள்ளம்பன்றி. "உன்னைத் திருத்திக் காட்டுறேன் பாரு!" என்று சடையனைத் தன் வளைக்குள் தள்ளியது. முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வாசலிலேயே படுத்துக்கொண்டது. வேளாவேளைக்குப் பழம் கொடுத்தது. கூடவே வண்டி வண்டியாகப் புத்திமதியும் கொடுத்தது.

பல நாள் கழித்துக் கூரன் வழிவிட்டது. "பயல் தேறிட்டான்!" என்று காடெல்லாம் பெருமை பேசியது. பேசி முடிப்பதற்குள் சடையன் பனை உச்சியில் இருந்தது!

"வெட்கமா இல்லையாடா? இவ்வளவு நாள் காவல் காத்தேனே!"

"காத்தே. ஒருநாளாவது என் மனசு என்ன பாடுபடுதுன்னு கேட்டியா?"

கூரனின் முட்கள் தாழ்ந்தன. "சரி, இப்பக் கேக்குறேன். சொல்லு."

"பொழுது சாயும்போது குட்டிங்க கண் விழிச்சு என் மேல ஏறி விளையாடும். அந்த நேரம் வந்தா நெஞ்சு அடைக்குது. குடிச்சா கொஞ்சம் மறக்குது. அவ்வளவுதான்!"

அன்றிலிருந்து கூரன் வாசலில் படுக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் சடையனோடு குளக்கரையில் வந்து உட்கார்ந்தது. புத்திமதியை மூட்டைகட்டி வைத்துவிட்டுக் காதை மட்டும் கொடுத்தது. அக்கரையில் குட்டிகள் கத்தி விளையாடும். சடையன் ஏங்கி ஏங்கிக் கேட்கும். சில நாள் அழும். ஒருநாள் நழுவிப் போய்க் குடித்தும்விட்டது. மறுநாளும் கூரன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

ஒரு மாலை காற்றில் கள் வாசம் வந்தது. சடையன் துள்ளி எழுந்தது.

"கூரா, என்னால முடியல! இப்பவே குடிக்கணும்போல இருக்கு! என்னை விட்டுப் போயிடாதே!" என்று கத்தியது.

அது அக்கரையில் இருந்த மருதிக்குக் கேட்டது. குடிக்கவே இல்லை என்று எத்தனையோ முறை சாதித்த வாய் அது. அது இப்படி உண்மையை ஒப்புக்கொண்டதை மருதி கேட்டதே இல்லை. அதற்கும் இத்தனை நாள் ஏக்கம் இல்லாமல் இல்லை.

"இங்கே வந்து மரத்தடியில உட்காருங்க. மேலே ஏற மட்டும் இப்ப வேண்டாம்!" என்று குரல் கொடுத்தது.

சடையன் குளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது. பொந்திலிருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது.

"அப்பா, இனிமே குடிக்க மாட்டீங்களா?"

சத்தியம் செய்யச் சடையன் வாயெடுத்தது. பிறகு அடக்கிக்கொண்டது.

"ஆசை இன்னும் போகலடா கண்ணு. வந்தா மறைக்காம சொல்லிடுறேன்!"

"அப்ப நாளைக்கும் வாங்க!" என்றது குட்டி.

போதையில் விழுந்தவரை அடைத்து வைத்தால் மட்டும் போதாது. அவர் மனவேதனையைக் காது கொடுத்துக் கேட்கும் துணை இருந்தால்தான் அவர் மீண்டு வருவார்.