சடைச்சியின் குடம்

முன்னொரு காலத்தில் முத்துக்கரை நாட்டை வச்சிரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் பொன்னாடை போர்த்திய ஆளைச் சாயங்காலம் கழுவில் ஏற்றச் சொல்வான். அப்படி ஒரு குணம்.

அவனுடைய இரண்டு வயது மகன் காய்ச்சலில் படுத்து, வைத்தியம் நடக்கும்போதே செத்துப்போனான். "நான் கொடுத்தது ஒரு சிட்டிகை பேதியுப்பு. விஷம் இருந்தது குடத்துத் தண்ணீரில்!" என்றார் அரண்மனை வைத்தியர் மருதவாணர். குடம் சுமந்தவள் சடைச்சி. அவளை யானைக்காலில் இடறச் சொல்லிவிட்டான் ராஜா.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மூன்றாம் நாள் சபையில் நின்ற சடைச்சிக்கு மணியோசை கேட்டுவிட்டது. மழைத்தொட்டியில் மொண்டு, துணியில் வடிகட்டிய தண்ணீர் அது. பிள்ளை அவள் கையால்தான் குடிக்கும். சாவைவிட அந்தப் பழிதான் அவளை அறுத்தது.

"குடத்தையும் மிச்ச மருந்துள்ள கிண்ணத்தையும் சோதிக்கலாமே" என்றார் மந்திரி திருமேனியார்.

"விஷத்தை நாக்கில் வைக்க நீர் தயாரா?" என்று இளித்தார் வைத்தியர். மந்திரிமேல் அவருக்கு என்றைக்கும் வயிற்றெரிச்சல்.

மந்திரி ஒரு தொட்டியைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே தொட்டால் கை மரத்துப்போகும் திருக்கை மீன். அதன் முதுகில் ஒரு செப்புக்கம்பி, வயிற்றடியில் ஒன்று. முதல் கம்பியின் நுனியை வேறொரு கிண்ணத்து நீரில் விட்டு, காவலனை ஒரு விரலால் நீரையும் மறுகையால் அடுத்த கம்பியையும் தொடச் சொன்னார். வெறும் மழைநீரில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சிட்டிகை பேதியுப்புக்கு விரல் விறுவிறுத்தது. ஒரு பிடி உப்புக்கு முழங்கைவரை அடி ஏறி, அலறிவிட்டான்.

"கலந்தது எவ்வளவோ, அடியும் அவ்வளவு. இனி குடம்" என்று தொட்டியைத் துணியால் மூடி வெளியே அனுப்பி, சற்றுப் பொறுத்து மறுபடி வரவழைத்தார் மந்திரி. "வைத்தியரே, உம் கையே சாட்சி சொல்லட்டும்."

வைத்தியர் குடத்துநீரில் விரல் விட்டதுதான் தாமதம், "ஐயோ, தோள்வரை அடிக்கிறதே!" என்று துள்ளினார்.

மந்திரி துணியை விலக்கினார். தொட்டி காலி.

"மீன் வாசலில் இருக்கிறது, வைத்தியரே. உம்மை அடித்தது எது?"

மீன் வந்தது. ராஜா தானே இறங்கிவந்து குடத்துநீரைத் தொட்டான். ஒன்றுமில்லை. மருந்துக் கிண்ணத்தைத் தொட்டான். அடி முழங்கைக்கு ஏறியது.

"ஒரு பிடியா போட்டாய், பாவி?"

"'நாளைத் தேர்த் திருவிழாவில் பிள்ளை குணமாகி என் மடியில் இல்லாவிட்டால் உன் கழுத்தில் தலை இருக்காது' என்று அன்றைக்குச் சொன்னீர்களே மகாராஜா! பயத்தில் அள்ளிப் போட்டுவிட்டேன்."

"இழுங்கள் இவனை, யானைக்கு!"

"ஒரு அவசரத்துக்கு ஒரு பிள்ளை போயாயிற்று" என்றார் மந்திரி. "இன்னொரு அவசரம் வேண்டுமா?"

ராஜா கையசைத்துக் காவலர்களை நிறுத்தினான். வைத்தியரின் பட்டத்தைப் பிடுங்கி நாடு கடத்தினார்கள். மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. சடைச்சிக்குப் பொன்வளை நீட்டினான் ராஜா. அவள் கை நீட்டவில்லை.

"என் குடத்தைக் குடுங்க சாமி, போதும்."

குடத்தோடு அவள் நேரே இடுகாட்டுக்குப் போனாள். ராஜாவும் வெறுங்காலோடு பின்னாலேயே போனான். சின்ன மண்மேட்டின்மேல் தண்ணீரைச் சாய்த்தாள் சடைச்சி.

"குடிச்சுக்க கண்ணு. இதுல ஒண்ணும் கலக்கல."