ஐந்து புண்ணியகோடிகளுக்குப் பிரிவுபசாரம்

களக்காட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. அதன் கணினித் துறையில் பட்டதாரிகளுக்குப் பஞ்சமே இல்லை. மூளைக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு.

துறைக்கு ஒரே செர்வர். எல்லோரும் பைத்தான் நிரலை அதில்தான் ஓட்ட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் ரஹீம் மதுரையில் இருந்தார். ஒருநாள் போனில் சொன்னார்: "ஒருத்தர் அடுப்படியில இன்னொருத்தர் கை வைக்காதீங்க. ஆளுக்கொரு தனிச் சூழல் அமைச்சு, தேவையான சாமானை அதுக்குள்ள போட்டுக்கங்க. அந்தச் சூழல்ல நிரலை ஓட்டுற கெர்னலுக்கு நல்ல பேரா வைங்க. வேலை தொடங்கும்போது பட்டியல்ல அந்தப் பேரை அமுக்கினாப் போதும்."

நல்ல பேர் எது என்று ஆய்வு மாணவர்கள் ஐவரும் கூடி யோசித்தார்கள்.

"நம்ம துறைத்தலைவர் பேரைவிட நல்ல பேரு உண்டாலே?" என்றான் மாசானம்.

உண்டு என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? ஐந்து கெர்னலுக்கும் 'டாக்டர் புண்ணியகோடி' என்றே பெயர் விழுந்தது. தலைவர் பட்டியலைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

ஐவரில் உருப்படியாக வேலை செய்தவள் பிலோமினா ஒருத்திதான். வாழை இலையின் படத்தைப் பார்த்தே நோயைச் சொல்லும் நிரல் அவளுடையது. தேர்வாளர் முன்னால் அது ஓடினால் முனைவர் பட்டம். ஓடாவிட்டால் மறுபடியும் வாழைத்தோட்டம்.

தேர்வன்று காலை அவள் ஒரு புண்ணியகோடியைத் திறந்தாள். அது மாசானத்துடையது, அவளுக்கு வேண்டிய சாமான் எதுவும் அதில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. தன்னுடையதைக் கண்டுபிடிப்பதற்குள் ஐந்தும் சேர்ந்து ஓடி, செர்வர் திணறி நின்றது.

"எல்லா கெர்னலையும் அழிச்சிட்டு, உங்களோடதை மட்டும் வேற பேர்ல புதுசா வைங்க. பத்து நிமிஷ வேலை" என்றார் ரஹீம் போனில்.

மாசானம் நெஞ்சில் கை வைத்தான். "தலைவரை அழிக்கவா? அதுவும் அஞ்சு தடவையா?"

"அழிக்க வேண்டாம். பணி ஓய்வு கொடுத்துருவோம்" என்றான் இன்னொருவன்.

"அவருக்கு இன்னும் வயசு ஆகலையேலே."

"ஏல, அது வெறும் பேரு! தேர்வாளர் கார் வாசலுக்கு வந்துட்டு!" என்று பிலோமினா கத்தினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

விஷயம் தலைவரிடம் போனது. அவர் கண் கலங்கி, "போறதுன்னா மரியாதையா போகணும்" என்றார். உடனே பிரிவுபசார விழா. தேர்வாளர் சிதம்பரநாதனை வெளியே காக்க வைத்துவிட்டு, செர்வருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் ஏற்புரை வழங்கினார். மாசானம் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புண்ணியகோடியாக அழித்தான். பொன்னாடை காற்றுத் துவாரத்தை அடைத்துக்கொண்டு, உள்ளே செர்வர் சூடேறியதை ஒருவரும் கவனிக்கவில்லை.

பிலோமினா புதிய கெர்னலுக்கு 'வாழை' என்று பெயர் வைக்கப் போனாள். மாசானம் விசைப்பலகையைப் பிடுங்கினான். "தேர்வாளர் கோவமா இருக்காரு. அவரு பேரையே வச்சாக் குளுந்துருவாரு."

தேர்வாளர் வந்து உட்கார்ந்தார். பிலோமினா மாதாவை வேண்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். சூடேறிய செர்வர் கைவிட்டது. ஓடும் கெர்னல் நின்றுபோனால் அதன் பேரைச் சொல்லி 'இறந்துவிட்டது' என்று அறிவிப்பது செர்வரின் வழக்கம். பெரிய திரையில் எழுத்து விழுந்தது: 'டாக்டர் சிதம்பரநாதன் இறந்துவிட்டது.'

துறையே எழுந்து நின்று தலை குனிந்தது.

நல்ல மனிதர், தேர்வாளர் பொறுத்துக்கொண்டார். "பரவாயில்லம்மா, ஆய்வேடு அருமையா இருக்கு. கையெழுத்துப் போடுறேன்" என்று பேனாவைத் திறந்தார். பிலோமினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தலைவர் பேனாவைப் பிடித்துக்கொண்டார். "மன்னிக்கணும் சார். இறந்தவர் கையெழுத்து செல்லாது."

"யோவ், நான் உயிரோடதான்யா இருக்கேன்!"

"அதை நீங்க சொன்னா எப்படி சார்? செர்வர் சொல்லணும். கொஞ்சம் உட்காருங்க, ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறோம்."

மாசானம் அதற்குள் ஓடிப்போய், இறந்தவருக்கு மரியாதையாக, செர்வர்மேல் இன்னொரு பொன்னாடையைப் போர்த்தினான்.