பித்தளைக் காசும் ராவுத்தரின் களஞ்சியமும்

கருங்கல்வாடிக் கோட்டையை எதிரிகள் சூழ்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சம்பளம் வராமல் மதில் ஏற மாட்டோம் என்று வீரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கோட்டைத் தலைவர் பூவலிங்க நாயக்கர், கஜானாவில் வெள்ளி தீர்ந்துவிட்டதாக அறிவித்தார். வீடுவீடாகக் குடமும் விளக்கும் வாங்கி உருக்கிப் பித்தளைக் காசு அடிக்கச் சொன்னார். முற்றுகை முடிந்ததும் ஒவ்வொரு காசுக்கும் ஒரு வெள்ளிக்காசு தருவதாகக் கோயில் வாசலில் சத்தியமும் செய்தார்.

அந்தக் காசுக்கு அச்சு வெட்டிய இருளப்ப ஆசாரிக்கு உண்மை தெரியும். முந்தைய வாரம்தான் கஜானா வெள்ளி முழுவதையும் அவரை வைத்தே பாளமாக உருக்கி, தம் பல்லக்கின் அடித்தட்டில் பதிக்கச் செய்திருந்தார் நாயக்கர்.

கோட்டைக்குள் தானியம் மிச்சமிருந்தது தானிய வியாபாரி மீரான் ராவுத்தரிடம் மட்டுமே. ஆசாரிக்கும் அவருக்கும் இருபது வருடப் பழக்கம். ஆசாரியின் மகள் அம்மை கண்டு கிடந்தபோது, கேட்காமலே ஒரு மூட்டை அரிசி அனுப்பியவர் அவர். காசு புழக்கத்துக்கு வந்ததும் ராவுத்தர் நேரே பட்டறைக்கு வந்தார்.

"இதை நம்பலாமா, ஆசாரி? நீர் சொன்னால் போதும்."

உள்ளே ஆசாரியின் மூன்று பிள்ளைகளும் பசியில் சுருண்டு கிடந்தார்கள்.

"நம்பலாம்" என்றார் ஆசாரி.

அன்றே பித்தளைக் காசுக்குத் தானியம் விற்கக் களஞ்சியம் திறந்தது. நாற்பது நாள் ஊர் சாப்பிட்டது. அதன்பின் நாயக்கர் எதிரியோடு பேசி முடித்து, கோட்டையை ஒப்படைத்துவிட்டுப் பல்லக்கில் கிளம்பிப் போனார். எட்டுப் பேர் தூக்கும் பல்லக்கைப் பதினாறு பேர் சுமந்ததை எல்லோரும் பார்த்தார்கள். புதிதாக வந்த அதிகாரியோ, அந்தச் சத்தியம் தன்னுடையதல்ல என்று சொல்லிவிட்டார்.

ஆசாரி தாமாகவே போய் ராவுத்தரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் களஞ்சியம் திறந்திருக்காது, ஊர் பட்டினியில் செத்திருக்கும் என்றார்.

ராவுத்தர் சொன்னார்: "வெள்ளி வராது என்று சொல்லிக் கேட்டிருந்தால் சும்மாவே திறந்திருப்பேன். நீர் கேட்கவில்லையே."

அந்த மாதமே ராவுத்தர் ஊரைவிட்டுப் போனார்.

நாயக்கர் துரோகி என்பதில் சந்தேகமில்லை. ஆசாரி செய்தது சரியா, தவறா? சொல்லுங்கள்.

நான் சொல்லும் விடை: தவறு. சும்மா திறந்திருப்பாரா என்பது ராவுத்தருக்கே நிச்சயமாகத் தெரிந்திருக்காது. எல்லாம் போன பிறகு சொன்ன வார்த்தை அது. ஆனாலும் கொடுப்பதா, மறுப்பதா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. சும்மா தரும்படி முதலில் கேட்டு அவர் மறுத்திருந்தால், அப்போது பொய் சொல்லியிருக்கலாம். அதை நானே மன்னித்திருப்பேன். ஆசாரி ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை.