ஆறு நாளில் ஒரு வருஷம்

முன்னொரு காலத்தில், காலத்தையே விரட்டிப் பார்த்த ஓர் அரசர் இருந்தார். எந்த நாடு என்பது நமக்கு வேண்டாம். அவருடைய சபையில் மாசிலாமணி என்று ஒரு விகடன். வாயால் பிழைத்தவன். அந்த வாயாலேயே மாட்டிக்கொண்டவனும் அவன்தான்.

அரசியார் மங்கைநாயகி மூன்றே நாள் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டார். ஆற்றங்கரையில் சிதை எரிந்துகொண்டிருந்தது. அரசர் மணலில் தனியாக நின்றார். பக்கத்தில் போக யாருக்கும் துணிவில்லை. மாசிலாமணி போனான். சிரிக்க வைக்கத் தெரிந்தவனுக்கு அன்றைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்வதையே சொல்லிவைத்தான்.

"ஒரு வருஷம் போகட்டும், அரசே. மனசு ஆறிவிடும்."

அரசர் திரும்பிப் பார்த்தார். "ஒரு வருஷம் போனால் ஆறிவிடுமா?"

"ஆறிவிடும், அரசே."

"ஒரு வருஷம் என்னால் தாங்க முடியாது, மாசிலாமணி. அந்த வருஷத்தைச் சீக்கிரம் கொண்டுவா."

மாசிலாமணி நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து பிரதானி விருபாட்சர் முன்னே வந்தார். அரசர் எப்போதும் விகடனின் தோளில் கை வைத்து நடப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துபோனவர் அவர்.

"விகடர் சொல்லத்தான் செய்வார், பிரபு. நான் செய்து காட்டுகிறேன். ஆறே நாளில் ஒரு வருஷம்."

"எப்படி?"

அரண்மனை முற்றத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், அடியில் ஊசித்துளை போட்ட ஒரு செப்பு வட்டிலும் உண்டு. வட்டிலைத் தண்ணீரில் மிதக்க விட்டால் துளை வழியாக நீர் ஏறி, மெல்ல மெல்ல மூழ்கும். மூழ்கினால் ஒரு நாழிகை. காவலன் சேகண்டியை ஒருமுறை தட்டுவான். அப்படி அறுபது நாழிகை ஆனால் ஒரு நாள். அந்த நாட்டுக்கே அதுதான் கணக்கு.

"இனிமேல் வட்டில் ஒருமுறை மூழ்கினால் ஒரு நாள் என்று தங்கள் திருவாயால் ஒரு வார்த்தை வரட்டும், பிரபு. அறுபது நாள் ஒரே நாளில் ஓடிவிடும். ஆறு நாளைக்கு ஒரு வருஷம்."

துக்கத்தில் இருக்கிறவருக்கு எந்தக் கயிறும் பிடிகயிறுதான். அரசர் தலையசைத்தார். "இப்போதிருந்தே அப்படி ஆகட்டும். பழைய கணக்கைச் சொல்கிறவன் ராஜத்துரோகி."

அன்று பட்ட பாட்டை என்ன சொல்ல! மறுநாள் எலும்பு பொறுக்க வேண்டும் அல்லவா? வட்டில் ஒருமுறை மூழ்கியதும் மறுநாள் வந்துவிட்டது. எரிகிற சிதைக்குள் கையை விட்டு இரண்டு பேர் சுட்டுக்கொண்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு இலை போட்டபோது சாம்பலில் இன்னும் கனல் இருந்தது. அரசர் ஒரு கவளம் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே இலையில் வைத்துவிட்டார்.

ஊருக்குள் பொங்கல் பானை பொங்குவதற்குள் மாட்டுப்பொங்கலுக்குச் சேகண்டி அடித்தது. மாட்டுக்கு மாலை கட்டுவதற்குள் காணும் பொங்கல். ஏகாதசி விரதக்காரர்களுக்கு மட்டும் கொண்டாட்டம். ஒரு நாழிகை பட்டினி கிடந்தால் துவாதசி வந்துவிடும், சாப்பிடலாம். மற்ற யாரும் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை நின்று பேச யாருக்கும் பொழுதில்லை. தெருவில் எதிரே வருகிறவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்கள்.

ஆறாம் நாள் அரசியாருக்கு வருஷத் திதி கொடுத்தாயிற்று. அரசர் சபைக்கு வந்தார். கண்கள் குழி விழுந்திருந்தன.

"விருபாட்சரே, வருஷம் போயிற்றா?"

"போயிற்று, பிரபு. முந்நூற்று அறுபது முறை சேகண்டி அடித்தாயிற்று."

"ஆனால் எனக்கு ஆறவில்லையே. நேற்று நடந்தது போல் இருக்கிறதே. என்னிடம்தான் ஏதோ கோளாறு."

"தங்களிடம் என்ன கோளாறு, பிரபு? ஒரு வருஷத்தில் ஆறும் என்று சொன்னது யார்? அவர் பொய்தான் கோளாறு. துக்க வீட்டில் பொய் சொன்ன நாக்கு அது. தலையையே வாங்கலாம்."

எல்லாரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். 'ஆறு நாள்தானே ஆயிற்று' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் ராஜத்துரோகம்.

"தலை வேண்டாம்," என்றார் அரசர். குரலில் கோபம்கூட இல்லை. "மூன்று வருஷம் சிறை. கொண்டுபோங்கள்."

சிறைக்காவலன் பெரியாண்டி நல்ல மனுஷன், ஆனால் சட்டத்துக்குப் பயந்தவன். சேகண்டி அடிக்க அடிக்கச் சுவரில் கரியால் கோடு போட்டுக்கொண்டே இருந்தான்.

"பெரியாண்டி, என்ன செய்கிறாய்?"

"உங்க நாளைக் கழிக்கிறேன், ஐயா. காலையிலிருந்து பன்னிரண்டு நாள் ஆச்சு."

"எனக்கு ஒரு பகல்கூட ஆகவில்லையே?"

"அப்படியெல்லாம் பேசாதீங்க. கேட்டால் என் தலையும் போகும்."

சிறையில் ஒரு கையகலச் சாளரம் இருந்தது. காலையில் வெயில் மேற்குச் சுவரில் விழும். உச்சிப்பொழுதுக்குத் தரைக்கு இறங்கும். சாயங்காலம் போய்விடும். ஒரு நாள் முழுக்க மாசிலாமணி அதை மட்டும் பார்த்தான். சேகண்டி அறுபது முறை அடித்தது. அவன் எண்ணவில்லை. இரண்டாம் நாள் வெயில் தரைக்கு இறங்கிய நேரத்தில் அரசியாரின் நினைவு வந்தது. அவன் விகடம் சொல்லி முடித்ததும் சபையே சிரிக்கும். அவர் மட்டும் எல்லாரும் ஓய்ந்த பிறகு சிரிப்பார். அதற்காகவே அவன் காத்திருப்பான். அது ஞாபகம் வந்ததும், ஆற்றங்கரையில் வராத அழுகை இங்கே வந்தது. யாரும் அவசரப்படுத்தாததால் வேண்டியமட்டும் அழுதான்.

பதினேழாம் நாள் மனைவி செங்கமலம் கூழ் கொண்டுவந்தாள்.

"இதோ பாருங்க, நாளைக்கு உங்களுக்கு விடுதலையாம். பெரியாண்டி சொல்றான், ஆயிரத்து எண்பது கோடு நிறையுதாம்."

"ஆமாம். மூன்று வருஷம்."

"சந்தோஷப்பட முடியலையே எனக்கு. பதினெட்டு நாளில் வெளியே வந்தால் அந்த விருபாட்சர் சும்மா விடுவாரா? சிறையை உடைச்சான்னு தலையைச் சீவச் சொல்லுவார். நேரா துறைக்கு வந்துடுங்க. பரிசல்காரன்கிட்ட பேசிட்டேன்."

"ஓடினால்தான் சிறை உடைத்தவன் ஆவேன், செங்கமலம். விடுதலையானவன் அரசரைக் கண்டு கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அது வழக்கம்."

"வழக்கமாம் வழக்கம்! கும்பிடக் குனிஞ்ச தலை நிமிரலைன்னா?"

"அரசர் தூங்குகிறாரா?"

"அவரைப் பத்தி இப்ப எதுக்கு? தூங்கலைதான். நாலு வருஷமாகியும் மறக்க முடியலையே, நான் என்ன மனுஷன்னு கேட்டுக்கிட்டு மாடத்தில் நடக்கிறாராம். வைத்தியர் பைத்தியம்னே சொல்லிட்டார்."

மாசிலாமணி கூழைக் குடிக்கவில்லை. "அதை நான் சொன்ன ஒரு வார்த்தைதான் செய்தது," என்றான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பெரியாண்டியின் முத்திரை ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு மாசிலாமணி சபைக்குள் நுழைந்தான். நடையில் அவசரமே இல்லை. எல்லாரும் ஓடிப் பழகிய சபையில் அது விசித்திரமாகத் தெரிந்தது. அரசர் சிம்மாசனத்தில் இல்லை. படியில் உட்கார்ந்திருந்தார்.

"வந்தனம், அரசே. தண்டனை முடிந்து வந்திருக்கிறேன்."

விருபாட்சர் துள்ளி எழுந்தார். "முடிந்ததா? என்ன முடிந்தது? காவலா, பிடி இவனை!"

"மூன்று வருஷம் முடிந்தது, பிரதானியாரே. இதோ ஓலை. ஆயிரத்து எண்பது நாள். ஒன்று குறைந்தாலும் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

"சிறையை உடைத்துவிட்டு விளையாடுகிறாயா?"

"கதவை உடைக்கவில்லை. பெரியாண்டிதான் திறந்துவிட்டான். உள்ளே கிடந்து எனக்கு மூன்று வயசு கூடிவிட்டது. உங்களுக்கும் கூடியிருக்கும், முகத்தில் தெரிகிறது."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கினார். விருபாட்சர் அரசர் பக்கம் திரும்பினார்.

"பிரபு, இவன் ஏமாற்றுகிறான்! மூன்று வருஷமாம்! சூரியன் பதினெட்டு முறைதான் உதித்தது. வெறும் பதினெட்டு நாள்! பதினெட்டு நாளில் மூன்று வருஷத் தண்டனை எப்படி முடியும்? எந்த முட்டாள் ஒப்புக்கொள்வான்?"

தான் சொன்னது என்ன என்று விருபாட்சருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பழைய கணக்கைச் சொல்கிறவன் ராஜத்துரோகி. அவர் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை.

மாசிலாமணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. அரசரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரசர் மெல்லக் கேட்டார். "விருபாட்சரே, இவன் சிறைக்குப் போய்ப் பதினெட்டு நாளா?"

அரசரே மேலே கணக்குப் போட்டார்.

"அதற்கு முன்னால் ஆறு நாள். அப்படியானால் அவள் போய்..."

"இருபத்துநான்கு நாள், அரசே," என்றான் மாசிலாமணி. "நானும் பழைய கணக்கைச் சொல்லிவிட்டேன். இப்போது தலையை எடுப்பதானால் எடுக்கலாம்."

அரசர் விரலை மடக்கி எண்ணினார். ஒரு கை, இன்னொரு கை, மறுபடியும் முதல் கை. ஒரு மாதம்கூட நிறையவில்லை.

"இருபத்துநான்கு நாள்தானா?" என்றார். "அதனால்தான் இப்படி வலிக்கிறதா? நான் பைத்தியம் இல்லையா?"

"இல்லை, அரசே. அரசியாரின் சேலைகூட இன்னும் வெளுத்து வந்திருக்காது."

அரசர் படியிலேயே கவிழ்ந்து அழுதார். அத்தனை பேர் முன்னால், வாய்விட்டு அழுதார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. வட்டில் ஒருமுறை மூழ்கியது. காவலன் தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைத் தூக்கியபடியே நின்றான்.

வெகுநேரம் கழித்து அரசர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விருபாட்சரைப் பார்த்தார். அரை உட்காரலில் நின்றவரைப் பார்த்ததும் அரசரின் உதடு கோணியது.

"உம்முடைய கணக்குப்படி இவன் விடுதலை. பழைய கணக்கைச் சொன்ன நீர் துரோகி. பழைய கணக்குப்படி இவன் இன்னும் கைதி. எதை எடுத்துக்கொள்வது, சொல்லும்?"

"பி... பிரபு..."

"உம் கணக்கையே கடைசியாக ஒருமுறை எடுத்துக்கொள்கிறேன். இவன் மூன்று வருஷம் இருந்தான், போகட்டும். அத்தோடு அந்தக் கணக்கு ஒழிந்தது. இனி அறுபது நாழிகைக்கு ஒரு நாள். தொட்டிக்குப் பக்கத்தில் நீர் உட்கார்ந்து வட்டில் மூழ்குவதைப் பாரும். அவளுக்கு உண்மையான வருஷத் திதி வரும் வரைக்கும். தள்ளிவிடக் கூடாது, தானாக மூழ்க வேண்டும்."

"ஒவ்வொன்றையுமா, பிரபு?"

அந்த 'ஒவ்வொன்றையுமா'வைக் கேட்டதும் அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத தொண்டையில் அது இருமல் போல வந்தது. ஆனாலும் சிரிப்புதான்.

தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மாசிலாமணிக்குப் போர்த்தினார். "இது பரிசு. இன்னும் என்ன வேண்டும், கேள்."

"ஒன்றும் வேண்டாம், அரசே. செங்கமலம் ஆற்றுத்துறையில் பரிசலோடு நிற்பாள். நான் பிழைத்தேன் என்று ஆள் அனுப்பினால் போதும்."

"ஆள் போகும். நீ இரு. மங்கைநாயகி உன் விகடத்துக்கு ஏன் எல்லாருக்கும் அப்புறமாகச் சிரிப்பாள் தெரியுமா?"

"தெரியாது, அரசே."

"உட்கார், சொல்கிறேன். கொஞ்சம் நேரம் ஆகும்," என்றார் அரசர், படியில் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டே.